வெலிகாவின் பையில் இருபத்தேழு கற்கள்

வெலிகாவுக்கு ஒரு ஆளுக்கு மட்டும் எதையும் செய்யத் தெரியாது. லோவெச் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் தினமும் முந்நூறு பேருக்கு பீன்ஸ் சூப் காய்ச்சியவள். அப்படிப்பட்டவள் கோம் சிகரத்தில் கிளம்பி, அறுநூற்றைம்பது கிலோமீட்டர் மலைமுகட்டிலேயே நடந்து, எமினே முனையில் கருங்கடலைப் பார்க்கிறேன் என்று புறப்பட்டால் முதுகில் இருக்கும் பை எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

முதல் தடவை இருபத்து நாலு கிலோ. இரும்புச் சட்டி, மிளகாய் விழுது மூன்று ஜாடி, கம்பளி இரண்டு, குடை, வழியில் யாருக்காவது கால் ஒடிந்தால் இருக்கட்டும் என்று மாவுக்கட்டுத் துணி. ஐந்தாம் நாள் முட்டி வீங்கி, மரம் ஏற்றும் லாரியில் கீழே இறங்கி வந்தாள். மறு வருஷம் பத்தொன்பது கிலோ. ஒன்பதாம் நாள் அதே முட்டி, வேறு லாரி.

இந்த வருஷம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்டோபரில் முட்டிக்கு ஆபரேஷன். அதற்கப்புறம் முதுகில் பை என்ற பேச்சே கூடாது. ஆக, இந்தக் கோடைதான் கடைசி. இப்போதும் கடலைப் பார்க்காமல் திரும்பினால் ஆயுசுக்கும் அந்தக் குறை தீராது என்று வெலிகாவுக்குத் தெரியும்.

இரண்டு தடவையும் கூட நடந்து, கூடவே லாரி ஏறியவள் நாத்தனார் பென்கா. கிராம் கிராமாகக் கணக்குப் பார்க்கிற ரகம். பல் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்துக்கொண்டு வருவாள். இந்த முறை தூக்குத் தராசோடு வந்து நின்றாள்.

“பதினோரு கிலோ, அண்ணி. ஒரு கிராம் கூடினாலும் நான் வரல.”

“ஒரே ஒரு சின்னச் சட்டி…”

“அதைத் தலையில கவுத்துக்கிட்டு நீங்க மட்டும் போங்க.”

வெலிகா சட்டியை வெளியே எடுத்து வைத்தாள். பை சரியாகப் பதினோரு கிலோவில் நின்றது.

இந்தப் பாதையில் நடக்கிறவர்கள் கோம் உச்சியில் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொள்வார்கள். எமினேயில் கடலில் எறிய வேண்டும். வழியில் சோற்றைத் தூர எறியலாம், செருப்பை எறியலாம், அந்தக் கல்லை மட்டும் யாரும் எறிய மாட்டார்கள். பென்கா ஒரு கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வெலிகா பாறைக்குப் பின்னால் போனவள் வரவே இல்லை.

“கல்லு எடுக்கப் போனீங்களா, பொண்ணு பாக்கப் போனீங்களா?” என்று பென்கா கத்தினாள்.

ஒரு வாரம் சந்தோஷமாக ஓடியது. காட்டு ஸ்ட்ராபெரி தின்று, ஓடையில் காலை நனைத்து, இருவரும் பழைய சம்பந்திச் சண்டைகளைப் பேசிச் சிரித்தார்கள். ஆனால் எப்போதும் முன்னால் ஓடுகிற பென்கா இந்த வருஷம் அடிக்கடி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கேட்டால், “வயசாகுதுல்ல” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் மதியம் ஒரு மலைச் சத்திரத்தை எட்டும்போது வெலிகாவின் முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. அவள் பையை உள்ளே எடுத்துவைக்கத் தூக்கிய பென்கா, அப்படியே கீழே வைத்துவிட்டுத் தராசை எடுத்தாள். பதினாறு கிலோ.

சத்திரத்து மேஜையில் பையைக் கவிழ்த்தாள். கடகடவென்று இருபத்தேழு கற்கள் உருண்டன. ஒவ்வொன்றிலும் மையால் ஒரு பெயர்.

“என்னது அண்ணி இது?”

“நான் போறேன்னு சொன்னதும் சமையக்கட்டுல அத்தனை பேரும் எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னாங்க. எலும்பு வார்டுல படுத்திருக்கிறவங்களும் கேட்டாங்க. எப்படிடி மாட்டேன்னு சொல்றது?”

“இதையெல்லாம் போட்டுட்டு வாங்க.”

“அது மட்டும் முடியாது” என்றாள் வெலிகா. “என்னைக் கீழ அனுப்பிடு. நீயாவது கடலுக்குப் போ.”

பக்கத்து மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் ஓக்னியான் எழுந்து வந்தார். “நாங்களும் எமினேக்குத்தான் போறோம், அக்கா. எனக்கு ரெண்டு குடுங்க.” அவர் குழுவில் பதின்மூன்று பேர். ஆளுக்கு இரண்டு என்று வரிசையில் வந்து வாங்கினார்கள். ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் பெயரைப் படித்துவிட்டு, “இந்தத் தோதோர் எப்படிப்பட்ட ஆளு?” என்றார்.

“சரியான சிடுமூஞ்சி. சூப்புல எப்பவும் உப்பு இல்லம்பாரு.”

“என் மாமனார் மாதிரிதான். அவரையே முப்பது வருஷம் சுமந்தாச்சு, குடுங்க.”

சத்திரமே சிரித்தது. மிஞ்சிய ஒரு கல்லை, பாத்திரம் கழுவும் இல்காவினுடையதை, வெலிகா பென்காவிடம் நீட்டினாள். “எனக்கு வேணாம். நான் சுமக்கறதே போதும்” என்றாள் பென்கா. இருநூறு கிராமுக்கா இந்தக் கஞ்சத்தனம் என்று வெலிகாவுக்குச் சுருக்கென்றது. இல்காவைத் தானே வைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் ஓய்வுக்குப் பின் முட்டி வடிந்தது. அப்புறம் இரண்டரை வாரம், மெல்ல மெல்ல.

எமினேயில் கலங்கரை விளக்குக்குக் கீழே, தண்ணீரோரப் பாறையில், இருபத்தாறு கற்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் அடியில் பல் டாக்டரின் சீட்டு: “சமைச்சவங்களே பரிமாறட்டும்.”

வெலிகா அழுதாள், சிரித்தாள், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கடலில் எறிந்தாள். தோதோரைக் கொஞ்சம் பலமாகவே எறிந்தாள். உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டாள். கடைசியாக இல்காவும் போய் விழுந்தாள். கை காலியானது.

“உங்க கல்லு எங்க, அண்ணி?” என்றாள் பென்கா.

வெலிகா திகைத்தாள். சட்டைப்பையைத் தடவினாள். இருபத்தேழு பேருக்குப் பொறுக்கியவள் தனக்கென்று ஒன்று எடுக்கவே இல்லை. அது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

பென்கா தன் பையின் அடியில் கைவிட்டு, காலுறையில் சுற்றிய ஒரு பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கி அவள் மடியில் வைத்தாள். ஒன்றரைக் கிலோவாவது இருக்கும். ‘வெலிகா’ என்று எழுதியிருந்தது. “உங்களுக்குன்னு நீங்க எடுக்க மாட்டீங்கன்னு எனக்கு அங்கேயே தெரியும்” என்றாள் பென்கா.

“கோம்லேருந்தா சுமந்துட்டு வந்த? என்ன எடைடி இது?”

“தெரியாது அண்ணி. இதை மட்டும் நான் தராசுல போடல.”