மானாமதுரைக்குப் போன மாங்காய் வேகன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மதுரையிலிருந்து போடிக்குப் போகும் கிளை லைனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தேன். மலையடிவாரத்துச் சரக்கெல்லாம் மாட்டு வண்டியில் எங்கள் சிறிய ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து வேகனில் ஏறும். பஞ்சு, புளி, கடலை. கோடை வந்தால் மாங்காய். மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள்.

மாங்காய் அனுப்புகிறவர்களில் ஒரு அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் போன பிறகு தோப்புக் குத்தகைகளைத் தானே எடுத்து நடத்தினார். கூடைக்கு வைக்கோல் போடுவதிலிருந்து வேகன் கதவு மூடுவது வரை பக்கத்திலேயே நிற்பார். ஆட்களை அதட்டுவார், அதட்டிய கையோடு வெற்றிலை மடித்து நீட்டுவார். அவர் வருகிற நாளில் ஸ்டேஷனுக்கே ஒரு களை வந்துவிடும்.

ஒரு வைகாசி மாதம் இரண்டு வேகன்கள் ஒன்றையொட்டி ஒன்று நின்றன. ஒன்றில் அக்காவின் மாங்காய், மதுரைக்கு. இன்னொன்றில் ஒரு மாட்டுத்தீவன வியாபாரியின் கடலைப் பிண்ணாக்கு, மானாமதுரைக்கு. ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் போகுமிடம் எழுதிய லேபிளைச் செருக வேண்டும். மதுரை யார்டில் அதைப் பார்த்துத்தான் பிரித்து அனுப்புவார்கள். எஞ்சின் ஊதிவிட்ட அவசரத்தில் இரண்டையும் அழகாக எழுதி, இடம் மாற்றிச் செருகிவிட்டேன்.

சரக்கை வாங்கிக்கொள்ள அக்கா அன்றைக்கே மதுரைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை அங்கிருந்து தந்தி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாங்காய் வேகனைத் திறந்தா உள்ள பிண்ணாக்கு இருக்காம்பா. அடுத்த வண்டியில போய் அந்தம்மா முன்னாடி நில்லு. அடி விழுந்தாலும் வாங்கிட்டு வா."

மதுரை கூட்ஸ் ஷெட்டில் அக்கா ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாடகைக்குப் பிடித்த மாட்டு வண்டிகள் வெளியே சும்மா நின்றன. நான் கிட்டே போய், "தப்பு என்னோடதுதான் அக்கா. லேபிளை மாத்திச் செருகிட்டேன். மாங்காய் மானாமதுரைக்குப் போயிருச்சு" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாப்பிட்டீகளா தம்பி?"

"ஆச்சு அக்கா" என்றேன்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மொதல்ல ரெண்டு இட்லியத் தின்னுங்க. வையிறத ரயில்ல போகயில வையிறேன்."

சொன்னபடியே வைதார். வண்டி மதுரையை விட்டதும் தொடங்கி, திருப்புவனம் தாண்டும் வரை நிறுத்தவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் என்னை அவருடைய மருமகன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் எனக்காகப் பரிந்துகூடப் பேசினார். பிறகு அக்காவின் குரல் தணிந்தது.

"அம்புட்டும் ஒசத்திக் காசாலட்டு மாங்கா தம்பி. பழுக்குற பதத்துல பறிச்சது. இந்த வெயில்ல இரும்புப் பெட்டிக்குள்ள கெடந்தா என்னத்துக்கு ஆகும்?"

வைதபோதெல்லாம் தாங்கிக்கொண்ட எனக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

மானாமதுரையில் இறங்கியதும் வேகனைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசனையே வழி காட்டியது. ஒரு கூட்டம் அதைச் சுற்றி நின்றது. கதவைத் திறந்து பார்த்தோம். மேல் வரிசைக் கூடைகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. அடியில் இருந்தவை இன்னும் காய்தான். மறுபடி மதுரைக்கு இழுத்துப் போனால் பாதி அழுகிவிடும். அக்கா ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். அங்கிருந்த கூட்ஸ் கிளார்க்கிடம் கேட்டார்:

"இந்தப் பக்கம் மாந்தோப்பு இருக்கா தம்பி?"

"கருவேலமரந்தான் இருக்கு அக்கா."

"அப்ப இங்கனயே எறக்குங்க."

வேறு ஊருக்கு ரசீது போட்ட சரக்கை எப்படிக் கொடுப்பது என்று அந்தக் கிளார்க் தயங்கினார். நடந்ததையெல்லாம் நான் எழுதிக் கையெழுத்திட்டேன். அக்கா கைநாட்டு வைத்தார். பிறகு அந்தக் கிளார்க்கே முன்னால் நின்று கூடை இறக்கினார்.

நானும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடை தூக்கினேன். அக்கா பழத்தை அரிந்து, வந்தவர்களுக்கெல்லாம் ருசி காட்டினார். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பாட்டுப் பாடியதைத் தவிர உரக்கக் குரல் எழுப்பியறியாத நான், "போடி மாம்பழம்! மலையடிவாரத்து மாம்பழம்!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கூவினேன். ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கினார்கள். அந்த வண்டியின் கார்டு பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முழங்கை வரை சாறு வழியப் பழம் சப்பிக்கொண்டிருந்தார். சேதி பரவி, பரமக்குடியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் பழக்கடைக்காரர்கள் வந்து மிச்சத்தை அள்ளிப்போனார்கள். பொழுது சாய்கையில் நசுங்கிய பழங்கள்தான் கிடந்தன. அவற்றையும் அக்கா ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வண்டியில் அவர் காலை நீட்டி உட்கார்ந்து, "மதுரையில கூட இம்புட்டு வெரசா வித்திருக்காது தம்பி. அடுத்த வாரம் மதுரைக்கு ஒரு வேகன், மானாமதுரைக்கு ஒரு வேகன். இந்தத் தடவ தெரிஞ்சே எழுதுங்க" என்றார்.

பிண்ணாக்கு ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதன் சொந்தக்காரர் எழுதிய புகாருக்கு நான் விளக்கம் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினேன். அது நியாயம்தான். அக்கா மட்டும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் வந்து, "அந்தத் தம்பிய வைய எனக்குத்தேன் பாத்தியம். வேற ஆரும் வையக் கூடாது" என்று சண்டை பிடித்தார். அந்தக் கோடை முடியும்வரை மானாமதுரைக்கு வாரம் ஒரு வேகன் போயிற்று.

ஆவணியில் மதுரையில் எனக்குக் கல்யாணம். அக்கா கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு, சீராகச் செப்புக்குடம் ஒன்றை இடுப்பில் வைத்தபடி மாதா கோயிலுக்குள் நுழைந்து, என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, "எப்பத்தேன் தாலி கட்டுவாக?" என்று அக்கா கேட்டது கோயில் முழுக்கக் கேட்டது. மணப்பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.