இரண்டு கணினிகளும் எழுதிய காலை

யோகராணி பயந்த சுபாவம். டோர்செட் பார்க் பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினாலாம் மாடியில் குடியிருந்தும் பல்கனிப் பக்கம் போகமாட்டாள். அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, படித்து, ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் சேர்ந்திருந்தாள். இரண்டு கணினிகளைச் சோடியாக ஓடவிட்டு, ஒன்று செயலிழந்து விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்படி செய்வதுதான் அந்தக் கம்பனியின் மென்பொருள்.

1997 பெப்ரவரியில் ஒரு காலை, அந்த மென்பொருளைப் பாவிக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரே இரத்தப் பைக்குத் திரை ஒருமுறை ஏ குறூப் என்றும் மறுமுறை பி குறூப் என்றும் காட்டுகிறதாம். மேலாளர் வின்சன்ற் வெளியூரில், மொன்றியலில் நின்றார். அவள் தனியே போனாள்.

கணினிகளின் பதிவுகளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. விடிய முதலாவது கணினி விழுந்திருக்கிறது. இரண்டாவது பொறுப்பேற்றிருக்கிறது. முதலாவது மீண்டும் எழும்பியபோது, விழமுன் தான் எழுதிவைத்த 'நானே முதன்மை' என்ற குறிப்பை வாசித்து, மற்றதிடம் எதுவும் கேளாமல் வேலையைத் தொடங்கிவிட்டது. இப்போது இரண்டும் தகவல்களைச் சேமிக்கும் ஒரே வட்டில் ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தன. அந்தக் குறிப்பை அப்படியே நம்பச் சொல்லும் வரி யோகராணி எழுதியது.

வட்டுப் பழுது என்று சொன்னால் அது தன் பிழை என்று யாருக்கும் தெரியவராது.

"அக்கா, ரெண்டையும் நிப்பாட்ட வேணும்," என்றாள் பக்கத்தில் நின்ற ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஜெயமலரிடம்.

ஜெயமலர் திடுக்கிட்டார். "என்ன பிள்ளை சொல்லுறீர்? ஒப்பரேசன் தியேட்டரில ஒரு பொம்பிளை வயிறு திறந்தபடி கிடக்கிறா. ஒண்டையாவது விடும்."

"எது சரியெண்டு எனக்கே தெரியாது அக்கா. காலமை போன பையள் எல்லாத்தையும் கையால சோதியுங்கோ. இது என்ர பிழை."

ஜெயமலர் தியேட்டருக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். யோகராணி இரண்டு கணினிகளையும் அணைத்தாள். ஆய்வுகூடத்தார் காலையில் போன பைகளை ஒவ்வொன்றாகக் கையால் சோதித்தார்கள்.

பதினொரு பைகள். பத்துச் சரி. ஒன்றின் குறூப் பிழை. அது தியேட்டர் குளிர்பெட்டியில் இருந்தது, இன்னும் நோயாளிக்கு ஏற்றவில்லை. அதைக் கேட்டதும் யோகராணி நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

பின்னேரம் வின்சன்ற் தொலைபேசியில் கேட்டார். "ஆற்ற பிழை?"

"என்ர, அண்ணை. வேலையால நிப்பாட்டப் போறியளோ?"

"முதல்ல அதைத் திருத்தும். பிறகு கதைப்பம்."

ஒன்பது நாள் எடுத்தது. எழும்பும் கணினி தன் பழைய பதவியை மறக்கவேண்டும்; 'தெரியாது' என்ற நிலையில் தொடங்கி மற்றதைக் கேட்கவேண்டும்; பதில் வராவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே எழுதவிடும் வட்டின் பூட்டு தன் கைக்கு வரும்வரை ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. வயர்களை அவளே பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தாள்.

வேலை போகவில்லை. திருத்திய மென்பொருளை ஆஸ்பத்திரியில் நிறுவிய நாள் முழுக்க இரத்த வங்கித் திரைக்கு முன்னால் சாப்பிடாமல் இருந்தாள்.

"இன்னும் பயமோ?" என்றார் ஜெயமலர்.

"ஓம் அக்கா."

மறுநாளும், யாரும் கூப்பிடாமலே, பஸ் பிடித்து வந்து அதே கதிரையில் இருந்தாள்.