வெள்ளைக் கதிரில் ஊதா மணிகள்

என் மேசைமேல் ஒரு மக்காச்சோளக் கதிர் இருக்கிறது. வெள்ளை மணிகளுக்கு நடுவே ஏழெட்டு மட்டும் ஊதா. அதுவும் முழு ஊதா இல்லை, பேனாவை உதறியதுபோல் திட்டுத்திட்டாக. வருகிறவர்கள் எல்லோரும் கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறார்கள். எங்கள் குவாலிட்டி சாரும் முதலில் அதைத்தான் செய்தார்.

ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்த்து ஓய்வுபெற்றபின், குந்தாரப்பள்ளிப் பக்கம் எங்கள் விதை நிலையத்துக்கு வந்தவர் அவர். ஒரு பெட்டியில் வேறு அளவு போல்ட் கிடந்தால் யாரோ போட்டிருக்க வேண்டும் என்பது அவர் வேதம். அதனால் வயலுக்கே போகமாட்டார். மூட்டையில் குத்தூசியை விட்டு எடுத்த மணிகளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பதோடு சரி. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட யார் எடுத்தது என்பார். எனக்கும் யாரையும் லேசில் நம்புகிற குணம் கிடையாது. ஆகையால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

அவர் இருந்த ஒரு வருடம் வெள்ளை மக்காச்சோள விதை மூட்டையில் ஊதா மணிகள் வந்தன. கதிரை உதிர்க்கும் மெஷினில் நின்றவர் பர்கூர்ப் பக்கத்து அக்கா ஒருவர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். சார் அவரை மடியை உதறச் சொன்னார். ஒரு பிடி ஊதா மணிகள் தரையில் சிதறின.

"ஆகாத மணின்னு பொறுக்கி வெச்சேன் சார். மூட்டைக்குப் போவக்கூடாதுல்ல," என்றார் அக்கா.

"பொறுக்கினியா, கொண்டாந்து போட்டியா? மடியில கனமில்லன்னா எதுக்கு இப்படி முழிக்கிற?" என்றார் சார்.

மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று ஆயிற்று. நானும் அக்காவை நம்பவில்லை. ஆனால் அந்த மணிகளையும் நம்பவில்லை. காலையில் வயலுக்குப் போய், ஓரத்தில் அறுக்காமல் விட்டிருந்த செடியில் ஒரு கதிரை ஒடித்து உறையை நானே உரித்தேன். உள்ளே, வெள்ளையோடு வெள்ளையாக இறுகிப் பதிந்திருந்தன ஊதா மணிகள். வேலிக்கு அப்பால் யாரோ ஊதா மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். மணியின் மேல்தோல் தாய்ச்செடியினுடையது. அதற்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கோ மகரந்தம் தந்த செடியிடமிருந்தும் பங்கு வாங்குவது. காற்றில் வந்த மகரந்தம் ஊதாச் செடியுடையது என்றால், அதில் உண்டான மணி அந்தப் பருவத்திலேயே அப்பன் நிறத்தைக் காட்டிவிடும்.

சார் கதிரை எச்சில் தொட்டுத் தேய்த்தார், நிறம் போகவில்லை. நகத்தால் மணியை நெம்பினார், அசையவில்லை. "யாருய்யா ஒட்ட வெச்சது?" என்று என்னையே முறைத்தார். வேலியோரம் கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் அடங்கினார். அக்காவுக்கு ஆள் அனுப்பினோம்.

அக்கா வந்தார், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. "இந்த வருசம் காத்து சார். வர்ற வருசம் யாருன்னு சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஓசூர்க் கம்பெனி வேனில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது சாரின் நாற்காலியில் நான். போன வாரம் தட்டில் ஓர் ஊதா மணி தென்பட்டது. வேலி, காற்று, மகரந்தம் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் கண் முதலில் போனது மெஷினில் நின்ற பெண்ணிடம்தான். அவர் அதைப் பார்த்துவிட்டார். அவராகவே மெஷினை நிறுத்திவிட்டு வந்து, என் முன்னால் மடியை உதறிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. மேசைமேல் இருந்த கதிரை எடுத்துக்கொண்டு, வேலியோரம் பார்க்க நான் வயலுக்குக் கிளம்பினேன்.