இறங்கிய நாடி

மண்டோரின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கடிகாரத்தோடு நான் நின்ற சாயங்காலங்கள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுக்கும் டிரசர். மண்டோர் பால்மரம் வெட்டுகிறவர்களிடம் வேலை வாங்குபவர். எங்கள் கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆள். இடுப்பில் கயிற்றைச் சுற்றி அவர் காலை ஊன்றிவிட்டால் எதிர்த் தோட்டத்து எட்டுப் பேரும் சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

அந்த அணியைப் பழக்கியவன் நான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே சாயங்காலம் மணல் மூட்டை தூக்க வைப்பேன். தூக்கி முடித்ததும் நாடி பார்ப்பேன்; ஒரு நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்ப்பேன். துடிப்பின் எண்ணிக்கை நன்றாக இறங்கியிருந்தால் இன்னும் பாரமான மூட்டை. இறங்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். இந்த முறையால்தான் இரண்டு வருஷம் ஜெயித்தோம். மாலை விழுந்ததெல்லாம் மண்டோர் கழுத்தில். என் மனைவியே சோறு போடும்போது, “அந்த மண்டோரு நெஞ்ச இரும்புலதான் செஞ்சிருக்கணுங்க,” என்றாள். பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. நாலு படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். அவருக்கோ ஒரே நிமிடத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி நாடி இறங்கிவிடும். அதை எண்ணி ஊருக்குச் சொல்லும் வேலையும் எனக்கே. மூன்றாம் வருஷப் போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் நாடியை எண்ணினேன். வழக்கம்போல் இறங்கியிருந்தது.

“இறங்கலியே,” என்றேன்.

“இன்னொரு தரம் பாருங்கய்யா.”

பார்த்தேன். இன்னும் இறங்கியிருந்தது.

“நெஞ்சு பலவீனமா இருக்கு மண்டோரே. இனிமே பாரம் தூக்காதீங்க. கயித்துப் பக்கமே போகாதீங்க.”

அவர் வாதாடவில்லை. எண்ணத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தானே. அவர் இல்லாமலே ஜெயித்துக் காட்டலாம் என்று நினைத்தேன், படுதோல்வி. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ‘மண்டோருக்கு இப்படி ஆகிப்போச்சே’ என்று அவருக்காகத்தான் உருகினார்கள். அதிலும் என்னை முந்திக்கொண்டவர் அவரே.

ஓய்வு பெற்று இப்போது தம்போய் என்கிற ஊரில் இருக்கிறேன். போன மாதம் மண்டோர், மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வீடு தேடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“இவருதாம்மா என் உசுரக் காப்பாத்துனவரு,” என்று மகளிடம் என்னைக் காட்டினார். “ஒன்னக்கூட நான் தூக்குனதே இல்லல்ல? ஐயா பேச்ச மீறக்கூடாதுன்னுதான்.” பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “பாத்துச் சொல்லுங்கய்யா. பேரன ஒரே ஒரு தடவ தூக்கிக்கவா?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். சொல்லாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் நாடியோ என்னுடையதைவிட நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

“தூக்குங்க,” என்றேன்.

பையனை அள்ளித் தோளில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, “பயப்படாதீங்கய்யா,” என்றார். “ஒடனே எறக்கிடுறேன்.”