ஊர் பாட்டை என்றது, பிளான் ரோடு என்றது

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் வீட்டுமனை பிளாட் வாங்க ஆசைப்பட்டு, பிளாட்காரர் விட்ட இலவச வேனில் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். படப்பையைத் தாண்டி, ஒரகடம் போகும் வழியில். பிளானில் நடுநாயகமாக ஒரு அகல ரோடு. நேரில் போய்ப் பார்த்தால்... அது ஆறு.

ஆறு என்றால் காவிரி இல்லை. மேட்டில் பெய்யும் மழையை வழியில் இருக்கும் ஏரிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அடையாற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்ன ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர். மற்ற நாளெல்லாம் மணல். அந்த மணல் மேல் லாரி லாரியாகச் செம்மண் கொட்டியிருந்தார்கள்.

"ஆற்றை ரோடு என்று விற்கிறீரே, வெட்கமாயில்லை?" என்று பிளாட்காரரிடம் கத்தினேன்.

"நானா சொன்னேன்? ஊருக்காரரைக் கேட்டேன் சார். வண்டிப்பாட்டைன்னாரு."

சொன்னவர் அங்கேயே நின்றிருந்தார். சாமுவேல். ஏரிக்குக் கீழே அவருக்கும் அவர் மனைவி எஸ்தருக்கும் நெல் வயல். ஓடையை அடைத்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் அந்த வயலில் முள்தான் முளைக்கும்.

எஸ்தர் புருஷனைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்குயா பாட்டைன்னு சொன்ன?"

"வண்டி போய்க்கினு இருந்துச்சு, சொன்னேன். தண்ணி போவசொல்ல கேட்டிருந்தா ஆறுன்னு சொல்லியிருப்பேன்."

யாரைக் கோபித்துக்கொள்வது? வெயில் காலத்தில் மாட்டுவண்டி எல்லாம் அந்த மணலில்தான் போகும். ஊரே அதைப் பாட்டை என்றுதான் கூப்பிடுகிறது.

எஸ்தர் வேனில் வந்த எங்கள் பக்கம் திரும்பினார். "வூடு கட்டுங்க, வேணாங்கல. மழ பெய்யசொல்ல கட்டிலோட மெதந்து அடையாறு வரைக்கும் போலாம். பஸ் சார்ஜ் மிச்சம்."

முதலில் வேனில் ஏறியது என் மச்சான். பின்னாலேயே மற்றவர்களும்.

சட்டம், மனு என்றால் பிளாட்காரர் வருஷக்கணக்கில் இழுத்திருப்பார். வாங்க ஆள் ஏறாத காலி வேனுக்குத்தான் பயந்தார். நேற்று போய்ப் பார்த்தேன் — டிராக்டர் வைத்துச் செம்மண்ணை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். முக்கால்வாசி ஓடை திறந்துவிட்டது. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வருஷம் ஏரிக்குத் தண்ணீர் வரும்.

சைக்கிளில் வந்த ஒருவர் சாமுவேலை நிறுத்தி, "இந்தப் பாட்டைல போலாமா?" என்று கேட்டார்.

"பாட்டை இல்ல நைனா, ஆறு. இப்ப லீவுல கீது... போ."