பாலைவனத்துக்குத் தண்ணீர் விட்ட பரமக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஹேர்னிங்கிலிருந்து பரமக்காவின் மகள் வாணி தொலைபேசியில் அழைத்தாள். ஹ்விடோவ்ரேயில் எங்கள் வீட்டுப் பல்கனியில் நான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் மிளகாய் காயும் வெயில் அத்திபூத்தாற்போலத்தான் வரும். அதனால் பரப்பி முடித்துவிட்டு ஆறுதலாகவே உள்ளே போனேன். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்து இப்போது வருந்துகிறேன்.

"அன்ரி, அம்மா விடியக்காலமை போயிட்டா. நித்திரையிலதான். நோகேல்லை எண்டு நேர்ஸ் சொன்னவ."

அதற்குப் பிறகு அவள் டேனிஷுக்கு மாறிவிட்டாள். டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. அழுகை அவளுக்கு அந்த மொழியில்தான் வரும். நான் தமிழிலும் அழவில்லை. மிளகாயை உள்ளே எடுத்து வைத்தேன்.

பரமேஸ்வரி நடராசா என்பது அவருடைய முழுப்பெயர். எங்களுக்கு அவர் பரமக்கா. சாவகச்சேரியைச் சேர்ந்தவர். குள்ளமான உருவம், வேகமான நடை. எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்லுவார், முதல் தடவை எங்களுக்கு, இரண்டாம் தடவை தனக்கு. தையல் தொழிற்சாலையில் என்னோடு பல வருடங்கள் வேலை செய்தார். பிறகு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை இருந்தார். இவ்வளவையும் அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். இனி எழுதப்போவது அவரை நன்றாக அறிந்தவர்களுக்கும் தெரியாத ஒரு விஷயம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் குடியிருந்த தெரு ஹேர்னிங்கின் மேற்கு ஓரத்தில் இருந்தது. ஒரு பக்கம் பன்னிரண்டு, மறுபக்கம் பன்னிரண்டு என்று ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். பற்றைக்காட்டை வழித்துக் கட்டியதால் எங்கும் வெறும் மணல். நகரசபை மூன்று தடவை புல் விதைத்தும் ஒன்றும் முளைக்கவில்லை. மேல்காற்று அடித்தால் சோற்றுப் பானைக்குள்ளும் மணல் வரும். அந்தத் தெருவுக்கு டேனிஷ்காரர் வைத்த பட்டப்பெயர் 'பாலைவனம்'. தபால்காரர்கூட அப்படித்தான் சொல்லுவார். ஆனால் நான் இந்த நாட்டில் இருந்த இடங்களிலெல்லாம் மனிதர் ஒருவரையொருவர் தேடி வந்து கதைத்த இடம் அந்தப் பாலைவனம்தான். வசதி உள்ளவர்கள் அங்கே குடிவரவில்லை. வந்தவர்களுக்கு ஒருவரையொருவர் விட்டால் வேறு வழியும் இல்லை.

எனக்கு ஒரு வருடம் பிந்தி, ஒரு ஜூன் மாதத்தில் பரமக்கா தன் கணவர் நடராசா அண்ணையிடம் வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் காலை திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, பின்கதவால் என்னிடம் ஓடி வந்தார்.

"மலர், வெளியில எல்லாரும் குளிக்கிற உடுப்போட இருந்து கோப்பி குடிக்கினம். ஏதும் நடந்திட்டுதோ?"

"ஒண்டும் நடக்கேல்லை அக்கா. வெயில் வந்திருக்கு."

"வெயிலுக்கோ?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வெயிலுக்கோ?" என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

விரைவிலேயே தெருவும் அவரைப் பார்க்கத் தொடங்கியது. விடிந்ததும் வாசலைக் கூட்டி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கையால் தெளிப்பார். தன் வாசலோடு நிற்காமல் இரண்டு பக்கமும் நாலு நாலு வீட்டுக்குத் தெளிப்பார். அன்று முழுவதும் அந்தப் பகுதியில் மணல் எழும்பாது. பக்கத்து வீட்டு கிர்ஸ்டன் முதலில் சிரித்தாள். பிறகு தானே ஒரு வாளி வாங்கினாள். சூரியன் இரவு பத்து மணிவரை போகமாட்டேன் என்று நிற்கிற நாட்டில் எப்போது விளக்கு வைப்பது என்று அக்கா ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, யோசித்தார். கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்து ஆறு மணிக்கே வைத்தார். "சாமிக்கு என்ன மணியெண்டு தெரியும். வெளிச்சத்தைப் பாத்து ஏமாற மாட்டார்" என்றார்.

எதிர்வீட்டில் ஸ்வென் என்ற முதியவர் தனியாக இருந்தார். ரயில் பாதையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அக்கா அவரை 'அப்பு' என்று கூப்பிட்டார். அவரும் அதைத் தன் பெயராகவே ஏற்றுக்கொண்டு தலையை ஆட்டுவார். அவருடைய முன்பக்க ஜன்னல் முழுவதும் சின்னச் சின்னச் சட்டிகளில் முள்ளுச் செடிகள். பந்து போலச் சில, விரல் போலச் சில. இறந்துபோன மனைவி விதையிலிருந்து வளர்த்தவை. அவற்றை மாலையில் ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

ஜூலை மாதம் தொழிற்சாலைகள் மூன்று கிழமை மூடும். போக இடம் உள்ளவர்கள் போவார்கள். போகிறவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை அயலவரிடம் கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் விடச் சொல்வது இங்குள்ள வழக்கம். ஸ்வென் கடற்கரையில் இருந்த தன் மகளிடம் போகும்போது தெருவில் எத்தனையோ டேனிஷ் வீடுகள் இருக்க, திறப்பைப் பரமக்காவின் கையில் கொடுத்தார். மேசையில் ஒரு கடதாசி எழுதி வைத்திருப்பதாகவும் சைகையால் சொன்னார். எங்கள் ஆட்களிடம் அந்தத் தெருவில் கொடுக்கப்பட்ட முதல் திறப்பு அது. அக்கா அதைச் சாமிப்படத்தின் கீழே வைத்தார்.

அன்று பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்.

"என்ன எழுதியிருக்கு, வாசி பிள்ளை."

நான் மொழிப் பள்ளியில் சான்றிதழ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெருமையில் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்த காலம். கடதாசியில் சரிந்த கையெழுத்து. முதல் இரண்டு வரி விளங்கியது: தண்ணீர், ஒவ்வொரு நாளும். மிச்சம் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எல்லாத்துக்கும் ஒவ்வொரு நாளும் தண்ணி விடட்டாம் அக்கா."

அக்கா ஜன்னலைப் பார்த்தார். "இது எங்கட நாகதாளியின்ர சாதி மாதிரியெல்லோ கிடக்கு? வேலியில நிண்டா மழைத் தண்ணியே காணும். இதுக்கும் ஒவ்வொரு நாளுமோ?"

"எழுதியிருக்கு அக்கா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அப்போது எங்கள் எல்லோருடைய வாழ்க்கையும் கடதாசிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இருக்க அனுமதி, வீடு, வேலை, ஊரிலிருந்து ஆளைக் கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் ஒரு கடதாசி வரும். வந்தால் அதில் உள்ளபடி செய்வோம். எதிர்த்துக் கேட்டுப் பழக்கமில்லை. தனக்குச் சரியாகத் தெரிந்த ஒன்றை அக்கா அந்தக் கடதாசிக்காக விட்டுக்கொடுத்தார். அதை அவருக்கு வாசித்துச் சொன்னவள் நான்.

தினமும் காலையும் மாலையும் பேணியால் அளந்து தண்ணீர் விட்டார். "வீடு பூட்டிக் கிடக்கு, பாவங்கள் அவியுதுகள்" என்று இடையில் இன்னொரு தடவையும் விட்டார். இரண்டாம் கிழமை முடிய பந்துச் செடிகள் மஞ்சளித்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தன. தொட்டால் கனிந்த பப்பாப்பழம் போல விரல் உள்ளே போனது. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்வென் வருவதற்கு முதல் நாள் நான் தனியாகப் போய் அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் கடதாசியை எழுத்தெழுத்தாக வாசித்தேன். தினமும் தண்ணீர் விடச் சொன்னது கொல்லைப்புறத்துத் தக்காளிக்கு. முள்ளுச் செடிகளுக்கு மூன்று கிழமைக்கும் சேர்த்து ஒரேயொரு தடவை. ஒரு தடவை என்பதன் கீழ் கோடும் இழுத்திருந்தார். நான் கடதாசியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்வென் வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அக்கா சேலை மாற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நடராசா அண்ணை, "வெயில் கூடிப்போச்செண்டு சொல்லிவிடு" என்று வாசலில் நின்று சொன்னார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்வென் கதவைத் திறந்தபோது கையில் அந்தக் கடதாசி இருந்தது. அக்கா திறப்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அப்பு, பிழை என்ரதான். நான்தான் தண்ணி விட்டனான். உங்கட மனிசி வளத்ததுகளை நான் அழிச்சுப் போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." பிறகு என்னிடம், "அப்பிடியே சொல்லு, மலர்" என்றார்.

நான் அப்படியே சொன்னேன். அந்தக் கோடை முழுவதிலும் நான் மிகச் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

ஸ்வென் அக்காவைப் பார்த்து, "ஆனால் நான் எழுதி வைத்திருந்தேனே" என்று மெதுவாகச் சொன்னார். கடதாசியைக் காட்டினார். ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"என்ன சொல்லுறார்?" என்று அக்கா கேட்டார்.

"வயசு போன செடிகளாம். பரவாயில்லையாம்" என்றேன்.

ஸ்வெனிடம் திரும்பி, "அக்காவுக்கு டேனிஷ் வாசிக்கத் தெரியாது" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் இத்தனை வருடமாக என்னைக் குத்துகிறது.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அக்கா ஏதாவது செய்து ஒரு தட்டில் மூடிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். முதல் கிழமை கதவு திறக்கவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவார், காலையில் கழுவிய தட்டு அக்காவின் வாசலில் இருக்கும். அடுத்த கிழமை உழுந்து வடை கொண்டுபோன அன்று கதவு திறந்தது. உள்ளே கூப்பிட்டு, எஞ்சியிருந்த நாலைந்து சட்டிகளைக் காட்டினாராம். மொழி தெரியாத இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் அதைப் பற்றிக் கதைத்ததாக அக்கா வந்து சொன்னார். அடுத்த ஜூலையில் திறப்பு மறுபடியும் அக்காவிடமே வந்தது. சில வருடங்களில் தெருவில் பாதி வீடுகளின் திறப்புகள் அவருடைய சமையலறை ஆணியில் தொங்கின.

ஆனால் அந்தக் கதை தெருவில் நிலைத்துவிட்டது. கள்ளிச் செடியைத் தண்ணீரில் மூழ்கடித்த தமிழ்ப் பெண் என்று கோடைகாலத் தெரு விருந்துகளில் யாராவது தொடங்குவார்கள். அன்போடுதான். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்வதே அந்தக் கதையால்தான். எல்லோரும் சிரிப்பார்கள், அக்காவும் சேர்ந்து சிரிப்பார். நான் கோப்பைகளைக் கழுவ உள்ளே போய்விடுவேன். ஸ்வென் இறந்தபோது செத்தவீட்டில் அவருடைய மகளும் அதே கதையைச் சொல்லித்தான் அக்காவின் கையைப் பிடித்தார். அப்போதும் நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

நாங்கள் ஹ்விடோவ்ரேக்கு இடம் மாறிய பிறகும் ஒவ்வொரு கோடையிலும் அவரிடம் போய் நாலு நாள் நின்று வருவேன். இந்த வைகாசியில் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நன்றாக மெலிந்திருந்தார். நான் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனிப் பிந்தினால் முடியாது என்று தெரிந்தது.

"அக்கா, ஸ்வென் அப்புவின்ர கடதாசி..."

"ஓம், நீ பிழையா வாசிச்சனீ" என்றார், பழத்தை மென்றுகொண்டே.

நான் உரிப்பதை நிறுத்தினேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த மனுசன் கடதாசியைக் காட்டி ஒரு விரலைத் தூக்கினவர். நீ பரவாயில்லையாம் எண்டாய். அதை விளங்க டேனிஷ் வேணுமே?"

"அப்பவே தெரியுமோ? பிறகேன் ஒரு சொல் கேக்கேல்லை? எத்தினை பேர் உங்களைச் சொல்லிச் சிரிச்சவை."

அவர் என் கையிலிருந்து இன்னொரு சுளையை வாங்கிக்கொண்டார்.

"கேட்டிருந்தா நீ வெக்கத்தில என்ர வாசலுக்கு வந்திருக்க மாட்டாய். அந்தத் தெருவில எனக்குத் தமிழில கதைக்கப் பொம்பிளையெண்டு நீ ஒருத்திதானே இருந்தனீ. செடியும் போய் நீயும் போனா நான் என்ன செய்யிறது?" பிறகு தனக்காக இன்னொரு தடவை, மெதுவாக, "நான் என்ன செய்யிறது" என்றார்.

அதுதான் அவரோடு நான் கடைசியாகக் கதைத்தது. நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன் என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லாததையெல்லாம் விளங்கிக்கொண்டு என்னை வைத்திருந்தவர் அவர்.

சனிக்கிழமை ஹேர்னிங்கில் அவரை வழியனுப்புகிறார்கள். பழைய தெரு ஆட்கள் பலர் வருகிறார்களாம். அவர்களுக்காக டேனிஷிலும் நாலு வார்த்தை சொல்லும்படி வாணி கேட்டிருக்கிறாள். ஸ்வெனின் மகளும் வருவாராம். அக்கா, உங்கள் பெயரில் இத்தனை காலம் நின்ற அந்தப் பிழையை அவர்கள் எல்லோர் முன்னாலும் என் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் உங்கள் பக்கத்தில் வருவேன். இந்தத் தடவை நான் வெட்கப்பட்டு உங்கள் வாசலுக்கு வராமல் இருக்கமாட்டேன். போய் வாருங்கள், அக்கா.