இரண்டு தட்டு மிளகாய்

சனிக்கிழமை காலையில் மிளகாயைத் தெரிந்து பிரிப்பது கந்தையாவின் வேலை. மகள் தங்கரத்தினம் பாசாரிலிருந்து வாங்கி வரும் அரைக் கிலோவில் பச்சையும் பழுத்ததும் கலந்து கிடக்கும். சமையலறை மேசையில் அதைக் கொட்டி, காம்பு கிள்ளி, பச்சையை ஒரு தட்டிலும் பழுத்ததை ஒரு தட்டிலும் பிரித்து வைப்பார். சொதிக்குப் பச்சை, சம்பலுக்குப் பழுத்தது. எழுபத்தொரு வயதிலும் கை நடுங்காது. ஒவ்வொன்றையும் விரலால் உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவசரமில்லாமல் வைப்பார். முடிந்ததும், "பிள்ளை, ஆச்சுது" என்று குரல் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார்.

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு தங்கரத்தினம் வந்து உட்கார்ந்து இரண்டு தட்டையும் மறுபடி தெரிவாள். பச்சைத் தட்டில் ஏழெட்டுச் சிவப்பு கிடக்கும். சிவப்புத் தட்டில் ஒரு கைப்பிடி பச்சை. அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா இருந்த காலத்தில் அம்மாவும் இதையே செய்தாள். ஆம்பிளைகளுக்கு அடுப்படி வேலையில் எங்கே கவனம் நிற்கும் என்பாள். அவர் மனம் நோகாமல், அவர் அந்தப் பக்கம் போன பிறகு மாத்து என்பாள்.

வேலையில் கந்தையாவின் கவனத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவருடைய சொந்தக்காரர்களெல்லாம் கிளார்க்கும் கணக்கரும் ஆசிரியருமாக இருந்தபோது, அவர் ஒருவர்தான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வயரிங் வேலைக்குப் போனவர். கல்யாண வீடுகளில் அவரைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். ஃபியூஸ் போய்விட்டால் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். முப்பது வருடத்தில் ஒரு பொய் சொன்னதில்லை, ஒரு வேலையை அரைகுறையாக விட்டதில்லை என்று அந்தப் பின்வரிசைக்காரருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் எழுபத்து நாலாம் வருடம் அவருடைய உதவியாள் ஜெயராஜின் பெயரை எல்லோரும் கெடுத்தார்கள்.

அந்தக் கதை வீட்டில் பேசப்படுவதில்லை. எண்பத்தெட்டில் தங்கரத்தினத்தின் மகன் வாசு கண் பரிசோதனையில் தோற்றபோதுதான் அது மறுபடி தலை தூக்கியது.

வாசுவுக்கு சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மெடிக்கல் மட்டும் பாக்கி. அதில் புள்ளிப் புள்ளியாக வட்டங்கள் போட்ட ஒரு புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். பையனுக்கு ஒரு எண்ணும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது என்று எழுதி, இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தங்கரத்தினத்தின் புருஷன் சிவசம்பு அன்று முழுவதும் தங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கண்ணில் பழுது கிடையாது என்பதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கந்தையா பேரனைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். மனம் விடாதே, வேறு வேலை இல்லையா என்றவர், அவர்கள் செய்ததும் சரிதான் என்றார். நிறம் தெரியாதவன் வயரைத் தொட்டால் யாரையாவது கொன்றுபோடுவான்.

பங்சாரில் இருந்த டாக்டர் மார்க்கிரட்டிடம் தங்கரத்தினம் பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று கேட்கத்தான் போனது. ஆகாது என்றார் டாக்டர். பிறகு, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். பெண்ணுக்கு இரண்டு X குரோமோசோம், ஆணுக்கு ஒரு X, ஒரு Y. நிறம் பார்க்கிற ஜீன் இந்த X-இல்தான் இருக்கிறது. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அடுத்தடுத்து. அச்சில் வார்த்தது போல இரண்டும் ஒன்றாக இருப்பதால் தலைமுறை மாறும்போது ஒன்றோடொன்று கலந்து பழுதாகிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்புதான் அமெரிக்காவில் அந்த ஜீன்களையே பிரித்தெடுத்துப் படித்திருக்கிறார்கள்.

"பையனுக்கு அப்பா கொடுக்கிறது Y தான். அதுல நெறத்துக்கு ஒன்னும் இல்ல. இது உங்க வீட்டுக்காரர்கிட்டருந்து வந்திருக்கவே முடியாது" என்றார் டாக்டர். "உங்ககிட்ட ரெண்டு X இருக்கு. ஒன்னு பழுது, இன்னொன்னு நல்லது. அந்த நல்லதால உங்களுக்கு நெறம் தெரியுது. இவனுக்கு இருக்கிறதே ஒன்னுதான்."

தங்கரத்தினம் தையல்காரி. பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். சேலையின் ஓரத்தைப் பார்த்தாலே போதும், கடைக்குப் போய் நூறு பச்சையில் அந்தப் பச்சை நூலைக் கையில் எடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் பழுது இருக்கிறதென்றால் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் பழுது X உங்களுக்கு அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா என்றால் கண்டுபிடிக்க வழியில்லை. அப்பா என்றால் அவருக்கும் பையனைப் போலவே இருக்கும்.

"அப்பா இருக்காரா? அவருக்கு நெறம் நல்லா தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு மிளகாய்த் தட்டு நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. வாசுதான், "அம்மா, டாக்டர் கேக்குறாங்க" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மினி பஸ்ஸில் அவள் எழுபத்து நாலாம் வருடத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சலவைக் கடைக்குப் புது வயரிங். கந்தையாவும் அவரிடம் ஆறு வருடமாக வேலை செய்த ஜெயராஜும் இரண்டு நாள் வேலை பார்த்தார்கள். கடைக்காரரின் மனைவி வீரம்மா, அப்படியே இந்த இஸ்திரிப் பெட்டிக்கும் பிளக் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஜெயராஜ் ஃபியூஸ் வயர் வாங்கப் போயிருந்த நேரம். கந்தையாவே பிளக்கைப் பூட்டினார். பழைய ரப்பர் வயர், உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை. சிவப்பில் கரண்ட் வரும். பச்சை பெட்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்தது, அதை எர்த்தில் பூட்ட வேண்டும். மெயின் சுவிட்சை அடைத்து வைத்திருந்ததால் பெட்டியைப் போட்டுப் பார்க்க வழியில்லை. சாயங்காலம் மெயினைத் திறந்து கடையை ஒப்படைத்தது ஜெயராஜ்.

மறுநாள் காலை வீரம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சுவிட்சைப் போட்டாள். பெட்டி சூடேறவில்லை. ஏன் சூடேறவில்லை என்று தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிளக்கைத் திறந்தபோது சிவப்பு எர்த்திலும் பச்சை கரண்ட் வரும் பக்கத்திலும் இருந்தன. கரண்ட் நேராகப் பெட்டியின் இரும்பு உடம்புக்கே போயிருக்கிறது. கந்தையா இன்ஸ்பெக்டர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னார்: பூட்டியது நான், பச்சையை எர்த்தில் பூட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அவர் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் பிறகு யாரோ திறந்து மாற்றியிருக்கிறார்கள். கடைசியாக வெளியே வந்தவன் ஜெயராஜ். நாலு நாள் லாக்கப்பில் இருந்தான். சாட்சி இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. பேர் போனது போனதுதான்.

வெளியே வந்த அன்று ஜெயராஜ் நேராக இந்த வீட்டு கேட்டுக்கு வந்தான். அக்கா, தவறியிருக்கலாம்னு ஒரு வார்த்தை மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று சொல்லிவிட்டு தங்கரத்தினம் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கரண்ட் ஓடுகிற வயரென்றால் அப்பா டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். விளக்கு எரிந்தால் அதுதான் சிவப்பு. ஓடாத வயரென்றால், "அந்தப் பச்சையை எடு" என்று கையை நீட்டுவார். சின்ன வயதில் டார்ச் பிடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தது அவள். பிறகு ஜெயராஜ். அன்றைக்கு அந்தக் கடையில் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

ஜெயராஜ் கம்போங் மேடானில் இருப்பதாக யார் யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனாள். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். தலை முழுவதும் நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் முகம் இறுகினாலும் உள்ளே வாங்க என்றுதான் சொன்னான். கூடத்தில் ட்யூப் லைட் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் போயிருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் வந்துதான் மாற்ற வேண்டும், இவரைத் தொட விடமாட்டேன் என்றாள் அவன் மனைவி, தேநீரை வைத்தபடி. பழகிப்போன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

தங்கரத்தினம் டாக்டர் வரைந்த சீட்டை எடுத்து வைத்து, தனக்குப் புரிந்த மட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சீட்டைக் கையில் வாங்கி அந்தத் துடிக்கிற வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தான்.

"ஒங்க மகனுக்கு வேல போனாதான் எனக்கு நியாயம் வரும்போல" என்றான்.

அவள் தலைகுனிந்தாள்.

"பதினாலு வருசம்க்கா. சில நாளு நானே நெனச்சிருக்கேன், நாந்தான் தெறந்து மாத்திட்டு மறந்துட்டேனோன்னு. லோரி ஓட்டிக்கிட்டே அந்த சாயங்காலத்த திரும்பத் திரும்ப ஓட்டிப் பாப்பேன். அவரு பொய் சொல்லமாட்டாருன்னு எனக்கும் தெரியும் லா. அப்ப நாந்தானே?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. காசு பணம் எதுவும் வேண்டாம் என்றான் அவன். வீரம்மாவின் புருஷன் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். கோயிலில் எதிரே பார்த்தால் இன்றும் எச்சில் துப்பிவிட்டுப் போகிறார். "அவரு முன்னால ஒங்கப்பா வந்து ஒரு தடவ சொல்லட்டும். அவரு வாயால. டாக்டர் சீட்டு வேணாம்."

அடுத்த சனிக்கிழமை வரை அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எழுபத்தொரு வயது மனுஷனிடம் ஒரு சாவைக் கொண்டுபோய்க் கொடுப்பது எப்படி என்று யோசித்தாள். கொடுக்காமல் விட்டால் அது யார் தலையில் இருக்கும் என்றும் யோசித்தாள். சிவசம்பு, என்ன முகம் இப்படி இருக்கிறது, சுகமில்லையா என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை கந்தையா மிளகாய் தெரிந்து முடித்து, "பிள்ளை, ஆச்சுது" என்று எழுந்தார். அவள் வந்து, இருங்கோ அப்பா என்றாள். அவருடைய பழைய கருவிப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த இரண்டு வயர்த் துண்டுகளை மேசையில் வைத்தாள். ஒரே நீளம், ஒரே தடிப்பு. பச்சையின் நுனியில் நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். அதைக் காட்டிவிட்டு, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி, முடிச்சுள்ள நுனி கைக்குள் மறையும்படி நீட்டினாள்.

"பச்சை எது, சொல்லுங்கோ."

இதென்ன விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே ஒன்றைத் தொட்டார். அவள் கையைத் திறந்தாள். அதில் முடிச்சு இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாம் தரம் சரியாகச் சொன்னார். மூன்றாம் தரம் தவறியது. நாலாம் தரமும் தவறியது. வேண்டாம் அப்பா, போதும் என்று அவள் நிறுத்தப் பார்த்தாள். சோதனை என்று வந்தால் பாதியில் விடுகிற மனுஷன் இல்லை அவர். திரும்பப் பிடி என்றார். ஜன்னலோரம் போய் நின்று பிடிக்கச் சொன்னார். ஐந்தாம் தரம் தவறியபோது துண்டுகளைத் தானே வாங்கி, விரலால் முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"என்ர கையால பூட்டினனான்" என்றார் மெதுவாக. அவள் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. "பச்சையை எர்த்தில பூட்டினதைக் கண்ணால கண்டனான், பிள்ளை."

"ஓம் அப்பா. நீங்கள் கண்டதைத்தான் சொன்னனீங்கள்."

டாக்டர் சொன்னதையும், கம்போங் மேடான் போனதையும், ஜெயராஜ் கேட்டதையும் அவள் சொன்னாள். அவனுடைய விலாசம் எழுதிய துண்டை மேசையில் வைத்தாள். கந்தையா அதைப் படித்தார். நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். போவேன் என்றோ போகமாட்டேன் என்றோ சொல்லவில்லை. அவருடைய கண் மேசையிலிருந்த இரண்டு தட்டுக்கும் போயிற்று. ஒரு தட்டிலிருந்து ஒரு மிளகாயை எடுத்தார். மற்றத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதையும் நீ பிறகு மாத்துறனியோ?"

"ஓம்."

"கொம்மாவும் மாத்தினவளோ?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

மிளகாய்களைக் கீழே வைத்தார். எதை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் நடு மேசையில் வைத்தார்.

"அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? எனக்குத் தெரிஞ்சிருந்தா அண்டைக்கு நான் அந்த வயரைத் தொட்டிருப்பனோ?"

தங்கரத்தினம் மிளகாய்க் காம்புகளை உள்ளங்கையால் ஒன்றாகக் கூட்டினாள். கூட்டியதையே மறுபடியும் கூட்டினாள். அவர் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்று காத்திருந்தார். பிறகு நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வைத்துவிட்டு, விலாசம் இருந்த சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, சமையலறையை விட்டு வெளியே போனார்.